மார்கழியில் எங்களுக்கொரு வாரம்

எங்கள் குடும்பத்தில் காணி வாங்கியவர்கள் உண்டு, வள்ளம் வாங்கியவர்கள் உண்டு, வட்டையில் வயல் வாங்கிச் சண்டையில் தொலைத்தவர்களும் உண்டு. ஒரு வாரத்தை விலைகொடுத்து வாங்கியவர் என் கணவர் ஒருவர்தான்.

அது சமாதான காலம். துவக்குகள் வாயை மூடியிருந்தன. பேச வேண்டியவர்கள் வெளிநாடுகளில் நல்ல ஹோட்டல்களில் தங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மட்டக்களப்பு நகரத்தில் நாங்கள் எல்லாரும் திடீரென்று எதிர்காலம் உள்ளவர்களாகிவிட்டோம். அந்த நேரம் பார்த்து, லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்த ஒரு கனவான், வாகரைப் பக்கத்துக் கடற்கரையில் தனக்குத் தாய்வழியில் வந்த காணியில் ஒரு விடுமுறை வீடு கட்டினார். வீட்டை அவர் விற்கவில்லை. அதை வாரம் வாரமாக வெட்டி விற்றார்.

நகரத்து மண்டபம் ஒன்றில் பற்றிஸும் பால்டொபியும் தின்னத் தந்து எங்களுக்கு விளக்கம் சொன்னார். “நீங்க வாங்குறது கல்லும் சீமெந்தும் இல்ல. நேரம்! ஒவ்வொரு வருசமும் உங்கட வாரம் உங்களுக்கு. உங்களுக்குப் பிறகு உங்கட பிள்ளைகளுக்கு.”

அரச உத்தியோகத்தர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். கைதட்டாமல் என்ன செய்வார்கள்? அதுவரை எங்கள் நேரத்தை ஊரடங்குச் சட்டமும் சோதனைச் சாவடிகளும் ஹர்த்தால்களும்தான் தங்களுக்குள் பங்கு போட்டு வைத்திருந்தன. அதில் ஒரு துண்டு விலைக்கு வருகிறது என்றால் யார் விடுவார்?

வெயில் கால வாரங்களை டாக்டர்மார் எடுத்துக்கொண்டார்கள். சித்திரைப் புத்தாண்டை என்ஜினியர்மாரும், பள்ளி விடுமுறைகளை ஆசிரியர்களும் பிடித்துக்கொண்டார்கள். மின்சார சபையில் வேலை செய்த என் கணவர் எதற்கும் பிந்திப் போகிறவர். அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாரி வாரங்கள்தான் மிஞ்சியிருந்தன. நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு முந்திய வாரத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

“மாரியில ஆரும் கடலுக்குப் போவாங்களா?” என்று கேட்டேன்.

“அதுதான் நல்லம். சனமில்லாம இரிக்கும்.”

“சனம் ஏன் இல்ல எண்டு யோசிச்சீங்களா?”

“நீ எல்லாத்தையும் யோசிப்பாய். அதாலதான் நம்மட வீட்டில ஒண்டும் நடக்கிறல்ல.”

ஒப்பந்தத்தில் என் பெயரையும் சேர்த்திருந்தார். லண்டனில் மனைவியின் பெயரையும் போடுவார்களாம்.

அந்த மார்கழியில் குடை, பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, இருமல் மருந்து சகிதம் விடுமுறைக்குப் புறப்பட்டோம். மாங்கேணிப் பக்கத்துச் சாவடியில் ஒரு இராணுவச் சிப்பாய் எங்கள் பையைக் கிளறிவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று அரைத் தமிழில் கேட்டான்.

“விடுமுறைக்கு” என்றார் என் கணவர், நெஞ்சை நிமிர்த்தி.

சிப்பாய் மழையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தன் தோழனைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். கொஞ்சத் தூரம் போனதும் மற்றப் பக்கத்துச் சாவடி. அங்கே நின்ற இயக்கப் பொடியன் சிரிக்கவில்லை. சந்தேகப்பட்டான். “விடுமுறை எண்டா? என்ன அலுவல்?” “ஒரு அலுவலும் இல்ல, அதுதான் விடுமுறை” என்று என் கணவர் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. கடைசியில் “சொந்தக்காரர் வீடு” என்று சொல்லித்தான் தப்பினோம். அது பொய்யும் இல்லை; சொந்தக்காரர் நாங்கள்தானே.

உள்ளதைச் சொன்னால், அந்த வாரம் நன்றாகவே இருந்தது. முன்னுக்குக் கடல், பின்னுக்கு உப்புநீர்க் களப்பு, நடுவில் ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் மணலுக்கு இறங்கும் சீமெந்துப் படிகள். காவல்காரரின் மனைவி நண்டுக் குழம்பு வைத்துத் தந்தாள். மழை ஓயாமல் பெய்தது. நாங்கள் கல்யாணம் முடித்த காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவரோடொருவர் கதைத்துக்கொண்டிருந்தோம், வேறு செய்ய ஒன்றும் இல்லாதபடியால்.

எங்களுக்கு அடுத்த வாரம் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபருக்கும் அவர் மனைவிக்கும் சொந்தம். மெதடிஸ்தக் குடும்பம். பிள்ளைகள் இல்லை. நத்தாருக்கு ஆட்கள் வந்து போகிற தொல்லையிலிருந்து தப்புவதற்காகவே அந்த வாரத்தை வாங்கியிருந்தார்கள். நாங்கள் வெளிக்கிடும் காலையில் அவர்கள் வந்து இறங்குவார்கள். வாசலில் வைத்து வீட்டுப் பூட்டின் திறப்பைக் கைமாற்றுவோம். அந்த அம்மா ஒரு கேக் துண்டை எண்ணெய்த்தாளில் சுற்றி என் கையில் வைப்பா. நான் நனையாமல் எடுத்துவைத்த விறகை அவவுக்குக் காட்டுவேன். எங்கள் சிநேகிதம் அந்த வாசலில் அரைமணி நேரச் சிநேகிதம்தான். ஆனாலும் வருடம் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருப்பேன்.

கடைசி முறை திறப்பைக் கொடுத்தபோது அவவுக்குச் சளி பிடித்திருந்தது. “கடல்காத்துப் பட்டாச் சுகமாகிரும்” என்றா.

நத்தார் முடிந்து மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதிபர் ஊருக்குள் இருந்த சின்னத் தேவாலயத்துக்கு ஆராதனைக்குப் போயிருந்தார். சளி என்றபடியால் அவ வீட்டில் நின்றா. கடல் வந்தது. கூரையையும் சுவர்களையும் காவல்காரரையும் அவவையும் எடுத்துக்கொண்டு போனது. தரையும் அந்தப் படிகளும் மட்டும் கிடந்தன.

நகரத்தில் எங்கள் வீடு களப்போரம். தண்ணீர் கறுப்பாக ஏறி வளவுக்குள் வந்து நின்றுவிட்டுப் போனது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதை திறந்ததும் அதிபரை ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் கண்டுபிடித்தோம். மேசையில் இருந்து அகதிகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பேனையை வைத்தார்.

“நான் கோயிலுக்குப் போனன், அவ போகல்ல” என்றார். “இதுக்குப் போதகர் ஒரு பிரசங்கம் வெச்சிரிப்பார். நான் இன்னும் கேக்கல்ல. கேக்கவும் மாட்டன்.”

என் கணவர் அவர் பக்கத்துக் கதிரையில் குந்திக்கொண்டு, பேனையை எடுத்து அடுத்த பெயரை எழுதத் தொடங்கினார். பொழுதுபடும்வரை எழுதினார்.

லண்டன் கனவான் அந்த நேரம் லண்டனில்தான் இருந்தார். ஆறுதல் சொல்லி ஒரு செய்தி அனுப்பினார். நடந்தது கடவுளின் செயல் என்றும், கடவுளின் செயலுக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றும் அதில் இருந்தது. நாங்கள் கடவுளோடும் ஒப்பந்தம் செய்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு வெள்ளை வாகனங்களில் தொண்டு நிறுவனங்கள் வந்தன. அழிந்த சொத்து என்ற இடத்தில் என் கணவர் “ஒரு வாரம்” என்று சொன்னார். எழுத வந்த பெண்பிள்ளை குழம்பிப் போய்த் தன் வெள்ளைக்கார அதிகாரியைக் கூட்டிவந்தாள். அவர் நெடுக யோசித்துவிட்டு, “அப்படியென்றால் நீங்கள் வருடத்தில் ஒரு வாரம் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள்” என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு வாரத்துக்குரிய நிவாரணமாக எங்களுக்கு ஒரு வாளியும் நுளம்புவலையும் கிடைத்தன.

அதற்குப் பிறகு சண்டை மீண்டும் தொடங்கியது. கதிரவெளிச் சனமும் வாகரைச் சனமும் ஓடி ஓடி நகரத்துப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பாதை மூடியது. எங்கள் கடற்கரை வீட்டின் தரையில் முதலில் ஒரு பக்கத்தார் மண்மூட்டை அடுக்கினார்கள், பிறகு மற்றப் பக்கத்தார் அடுக்கினார்கள், இடையில் இடம்பெயர்ந்தவர்கள் தறப்பாள் கட்டினார்கள், அதற்குப் பிறகு ஆடுகள் வந்தன என்று கேள்விப்பட்டோம். யாரும் எங்கள் வாரத்தை விட்டுவைக்கவில்லை. திறப்பைக் கைமாற்றும் பழக்கமும் அவர்களிடம் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. பாதைகளுக்குக் கண்ணாடி மாதிரித் தார் போட்டார்கள். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் கடல் பார்க்க வந்தது. எங்கள் கடற்கரையில் ‘மிதிவெடி அபாயம்’ என்ற பலகையைக் கழற்றிவிட்டு, அதே கம்பங்களில் ‘தனியார் காணி, உட்பிரவேசிக்காதீர்’ என்ற பலகையைக் கொழுவினார்கள். கம்பங்களுக்குப் புது வர்ணம் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பின்னேரம் அதிபர் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“லண்டன்காரர் காணிய வித்துப்போட்டார். கொழும்புக் கம்பனி ஒண்டு பெரிய ஹோட்டல் கட்டப் போகுது. நம்மட வாரம் போகப்போகுது மகள்.”

தமிழனுக்கு ஒரு இடர் வந்தால் முதலில் ஒரு சங்கம் தொடங்க வேண்டும். நாங்களும் தொடங்கினோம். முதல் கூட்டம் முழுவதும், அது சங்கமா ஒன்றியமா என்ற விவாதத்தில் போனது. இரண்டாம் கூட்டத்தில் மங்கள விளக்கை யார் ஏற்றுவது என்பதில் இரண்டு டாக்டர்மார் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். மூன்றாம் கூட்டத்தில் ஒலிவாங்கி தந்தவருக்கு நன்றித் தீர்மானம் நிறைவேறியது. அரச செயலகமான கச்சேரியில் தட்டச்சு செய்கிறவள் என்றபடியால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அதிபரை என்ன செய்வதென்று தெரியாமல் போஷகர் ஆக்கினார்கள். அவர் எல்லாக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொன்னார்: “எனக்குக் காசு வேணாம். என்ட வாரம் வேணும்.” அதை யாரும் கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லவில்லை. நான் சேர்த்தேன்.

கம்பனி எங்களை ஒரு குளிரூட்டிய மண்டபத்துக்கு அழைத்தது. கொழும்பிலிருந்து வந்த இளம் பெண் சட்டத்தரணி ஒருத்தி, திரையில் படம் படமாகக் காட்டினாள். நீல நீச்சல் தடாகம், அதற்கு அப்பால் நீலக் கடல். கடலின் பக்கத்தில் ஏன் தடாகம் என்று யாரோ கேட்டபோது அவள் அடுத்த படத்தைத் தட்டினாள்.

“உங்க உரிமை அந்தக் கட்டடத்தோட சம்பந்தப்பட்டது. கட்டடம் இப்ப இல்ல. அதனால உரிமையும் இல்லைங்கிறதுதான் சட்ட நிலைமை” என்றாள் இனிமையாக. “இருந்தாலும் நல்லெண்ணத்துக்காக உங்களுக்கு ஹோட்டலில் விலைக்கழிவு தருவோம். இல்லாவிட்டால் மாலைதீவில் ஒரு வாரம், ஒரு தடவை.”

அதிபர் எழும்பினார். வகுப்பறையில் நிற்கிறது போல நின்றார்.

“மகள், நாங்க கட்டடத்த வாங்கல்ல. வாரத்த வாங்கினம். வித்தவர் அப்பிடித்தான் சொல்லி வித்தவர். கடல் கட்டடத்த எடுத்திச்சு, ஓம். என்ட மனுசியையும் எடுத்திச்சு. ஆனா வாரத்த எடுக்கல்ல. அது ஒவ்வொரு வருசமும் வருது. வந்து என்னைப் பார்த்திட்டுப் போகுது.”

அந்தப் பெண் திரையை நிறுத்திவிட்டாள். பாவம், அவளுக்கு அடுத்த படம் சாப்பாட்டு மேசை.

எனக்கோ பேச்சில் நம்பிக்கை இல்லை. என்னோடு படித்த ஒருத்தி நீதிமன்றத்தில் காணி வழக்குகள் பேசுகிறவள். அவளிடம் போனேன். அவள் ஒப்பந்தத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சொன்னாள்: “உங்கட ஒப்பந்தம் காணிப் பதிவில ஏறியிரிக்கி. லண்டன்காரர் பெருமைக்குப் பதிஞ்சிரிக்கார், அது உங்கட நல்ல காலம். காணி கைமாறினா வில்லங்கமும் சேந்துதான் மாறும். வில்லங்கம் உள்ள காணிக்கு வங்கி கடன் குடுக்காது. அதுதான் உங்களுக்கு விருந்து வெச்சு மாலைதீவும் காட்டுறாங்க. கையெழுத்த மட்டும் வெச்சிராத. மத்ததெல்லாம் கதை.”

“வில்லங்கம் எண்டா?”

“நீங்கதான்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் ஒரு கம்பனிக்கு வில்லங்கமாக இருந்தோம். இந்தச் சேதியைச் சங்கத்துக்குச் சொன்னேன். எல்லாரும் ஒற்றுமையாக இருப்போம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தீர்மானித்த கையோடு டாக்டர்மார் தனித்தனியே போய் மாலைதீவுக்குக் கையெழுத்து வைத்தார்கள். என்ஜினியர்மார் விலைக்கழிவை எடுத்தார்கள். ஆசிரியர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு கம்பனி அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு மேசை, கதிரை என்று தளபாடம் கொடுத்தது. சங்கத் தலைவர் இராஜினாமாக் கடிதத்தை மாலைதீவிலிருந்து அனுப்பியதாகப் பேச்சு. நான் அதை நம்பவில்லை. அவர் கடிதம் எழுதுகிறவர் இல்லை.

கடைசியில் அதிபரும் நாங்களும் மிஞ்சினோம். அப்போது அபிவிருத்திக் காலம். எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி மாதிரி அபிவிருத்தி என்று தொடங்க வேண்டும். ஒரு அரசியல் பிரமுகரின் ஆள் இனிப்புப் பெட்டியோடு வந்து, “நீங்க அபிவிருத்திக்குக் குறுக்கால நிக்கிறதாக் கதைக்கிறாங்க” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அன்றைக்கு நித்திரை கொள்ளவில்லை. காலையில் பேனையை எடுத்துக்கொண்டு கதிரையில் வந்து இருந்தார்.

“மாலைதீவில வெயிலாம்” என்றார்.

“போங்க. நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

“நான் வாங்கின வாரம்.”

“ரெண்டு பேர்ட பேரும் இரிக்கி. உங்கட பாதிக்கு நீங்க வையுங்க. மிச்சப் பாதி என்ட. மூண்டரை நாள். அந்த மூண்டரை நாளையும் வெச்சிக்கிட்டு நான் நடுவில குந்திக்கொண்டிரிப்பன்.”

அவர் யோசித்தார். “எந்த மூண்டரை நாள் உன்ட?”

“அதிபர் சேர்ட வாரத்துக்குக் கிட்டின மூண்டரை.”

அவர் பேனையை மூடினார். “அந்த முகாமில அவர் பேர் எழுதிக்கொண்டிருந்தது நெனவிரிக்கா?” என்றார். அதற்குப் பிறகு அவர் மாலைதீவைப் பற்றிக் கதைக்கவே இல்லை. இனிப்பை மட்டும் சாப்பிட்டு முடித்தார்.

வங்கி அவசரப்படுத்தியது போலும், கம்பனிதான் இறங்கி வந்தது. என் சிநேகிதி எழுதித் தந்த நிபந்தனைகளை அந்த இளம் சட்டத்தரணி பெரிதாக வெட்டவில்லை. புதுக் கட்டடத்தில் எங்கள் இரண்டு வாரத்துக்கும் ஒரு அறை. ஹோட்டல் மறுபடி கைமாறினாலும் அந்த உரிமை மாறாது. படிகளை உடைக்கக் கூடாது. கையெழுத்து வைத்தபோது அவள் அதிபரிடம், “சேர், என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள்” என்றாள். “இல்ல மகள், நான் கணக்கு வாத்தியார். இரிக்கிறத இல்ல எண்டு எழுதமாட்டன்” என்றார் அவர்.

திறப்பு விழாவுக்கு லண்டன் கனவான் வந்தார். கிழக்கின் உல்லாசப் பயணத்துறை முன்னோடி என்று சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மங்கள விளக்கின் முதல் திரியை அவரே ஏற்றினார்.

எங்கள் அறை துணி துவைக்கும் பகுதிக்குப் பக்கத்தில், ஜெனரேட்டருக்கு முன்னால். வாசலில் ‘பாரம்பரிய உரிமையாளர்’ என்று பித்தளைப் பலகை. மற்ற விருந்தாளிகளுக்கு நீலக் கைப்பட்டி, எங்களுக்கு மஞ்சள். மஞ்சள் கட்டியவர்கள் தடாகத்தில் இறங்கலாம், ஆனால் சாய்கதிரையில் படுக்கக் கூடாது. என் கணவர் தடாகத்தின் விளிம்பில் குடை பிடித்துக்கொண்டு நின்று உரிமையை அனுபவித்தார்.

எங்கள் வாரம் முடிந்ததும் அதிபர் தன் வாரத்துக்கு எங்களைத் தன் விருந்தாளிகளாகப் பதிந்தார். நத்தாருக்கு மறுநாள் எந்தக் கிழமையில் வந்தாலும் அவருக்கு ஞாயிறுதான். காலையில் வெள்ளை நீளக்கை சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போய் அந்தப் படியில் இருந்தார். அதே நேரம் ஹோட்டல்காரர் கடற்கரையில் பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கிகளை வைத்து, விருந்தாளிகளைத் தேகப்பயிற்சிக்கு ஆடவைத்தார்கள். நத்தார்ப் பாட்டுக்கு மேளம் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

அதிபர் எழும்பி மனேஜரிடம் போனார். “தம்பி, இந்த வாரம் என்ட. இண்டைக்குக் காலம்பற எனக்குப் பாட்டு வேணாம்.”

“சேர், கெஸ்ட்மார் எதிர்பார்ப்பாங்க...”

“எதிர்பார்க்கட்டும். நானும் கனக்க எதிர்பார்த்தவன்தான்.”

மனேஜர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஆளோடு கொளுவ வேண்டாம் என்று அங்கிருந்து சொல்லியிருக்க வேண்டும். பாட்டு நின்றது. ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் இருந்தார்கள். கடல் சத்தம் மட்டும் கேட்டது. அதிபர் திரும்பிப் போய்ப் படியில் இருந்தார். நானும் என் கணவரும் கொஞ்சம் தள்ளி இருந்தோம். யாரும் அழவில்லை. அவர் ஒரு தடவை கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தார். பிறகு அதை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

அடுத்த வருடம் போனபோது வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் அழகான பலகை ஒன்று நின்றது. ‘மௌனக் காலை: கிழக்குக் கரையின் புராதன அனுபவம்.’ முன்பதிவு அவசியமாம். படியைச் சுற்றிப் பாய்கள் விரித்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் கண்ணை மூடிச் சம்மணமிட்டு இருந்தார்கள், நடுவில் சப்பாத்தோடு எங்கள் அதிபர். எனக்குக் கோபம் வந்தது. மனேஜரைக் கூப்பிட எழும்பினேன். அதிபர் என்னைக் கையால் அமர்த்தினார்.

“விடுங்க மகள். சும்மா இரிக்கிறாங்க. சும்மா இரிக்கிறவனால ஆருக்கும் கரைச்சல் இல்ல.”

பக்கத்துப் பாயில் இருந்த ஒரு வெள்ளைக்காரி மெல்ல என் பக்கம் சரிந்து, இது எந்த மரபில் வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “மெதடிஸ்த” என்றேன். தெரிந்தவள் போலத் தலையாட்டினாள். பிறகு எனக்கே மனம் கேளாமல், அந்தப் படியில் இருப்பவர் யார், அங்கே என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் மனேஜர் ஓடி வந்தார். அடுத்த வருடம் அரைமணி நேரம் பிந்தித் தொடங்க முடியுமா, காலைச் சாப்பாட்டு நேரத்தோடு முட்டுகிறது என்று அதிபரிடம் பணிவாகக் கேட்டார்.

“யோசிச்சுச் சொல்றன் தம்பி” என்றார் அதிபர்.

அடுத்த வருடமும் அவர் அதே நேரத்துக்குத்தான் போய்ப் படியில் இருந்தார். அவர்கள் சாப்பாட்டைப் பிந்தி வைத்தார்கள்.